பரேல் உச்சி மாடியின் விலை



டிசம்பர் 6 நினைவுப் பேருரைக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சற்று விசித்திரமாகத் தோன்றலாம். விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு வீட்டைப் பற்றிப் பேசப்போகிறோம். மும்பையின் பரேல், லோயர் பரேல், வொர்லி வட்டாரத்தில், பழைய பஞ்சாலை நிலங்களில் எழுந்திருக்கும் கோபுரக் கட்டடங்களின் உச்சி மாடி வீடு அது. ‘பென்ட்ஹவுஸ்’ என்கிறார்கள். இந்த அரங்கில் இருக்கும் எவரும் அதை வாங்கப்போவதில்லை. ஆனால் அதன் விலைக்குள் நம் மக்களின் உழைப்பும் இருக்கிறது, நம் மக்களை விலக்கி வைத்ததும் இருக்கிறது. அது எப்படி என்று விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

இலக்கிய மேடையில் வீட்டு விற்பனைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மராத்தி தலித் இலக்கியத்தின் தொடக்க நூல்களில் ஒன்றான பாபுராவ் பாகுலின் சிறுகதைத் தொகுப்பு 1963இல் வந்தது. அதன் தலைப்புக் கதையே, வேலைக்குப் போன ஊரில் தங்க இடம் பெறுவதற்காகச் சாதியை மறைத்த ஒருவனின் கதைதான். அதற்கும் முன்னால், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசின் வேலைக்குப் போன அண்ணல் அம்பேத்கர், பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்க நேர்ந்ததையும், தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியதையும் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தங்க இடம் கிடைக்காமை நம் இலக்கியத்தின் மூத்த பொருள்களில் ஒன்று. இடம் யாருக்கு, எந்த வழியில் கிடைக்கிறது என்பதையும் நாம் படித்தாக வேண்டும்.

சாய்ப்பிலிருந்து உச்சிக்கு

முதலில் அந்தச் சொல். ‘பென்ட்ஹவுஸ்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஆதியில் உச்சி மாடி என்ற பொருளே கிடையாது. பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து வந்த அது, பெரிய கட்டடத்தின் சுவரை ஒட்டி இறக்கிய சாய்ப்பைக் குறித்தது. நம் ஊர்களில் மாடு கட்டவும் விறகு அடுக்கவும் இறக்குவோமே, அந்தச் சாய்ப்புதான். லிஃப்ட் வருவதற்கு முன்னால் ஐரோப்பிய நகரங்களின் பல மாடிக் கட்டடங்களில் மேலே ஏற ஏற வாடகை குறைந்தது. படியேறும் சிரமம் வேலைக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும் என்று ஒதுக்கப்பட்டது. 1850களில் பாதுகாப்பான லிஃப்ட் வந்த பிறகு இந்தக் கணக்கு மெல்ல மெல்லத் தலைகீழானது. 1920களில் நியூயார்க்கில் கூரை மேல் கட்டிய வீடு பணக்காரர்களின் ஆசையாக மாறியது. சாய்ப்பின் பெயரை உச்சி மாடி எடுத்துக்கொண்டது.

உயரம் தன்னளவில் மதிப்புள்ளதல்ல என்பதற்கு இதுவே சான்று. யார் ஏற வேண்டும், யார் ஏறாமல் மேலே போகலாம் என்பதைப் பொறுத்தே உயரத்துக்கு மதிப்பு வருகிறது.

மும்பையில் இத்தகைய வீட்டை விற்கும்போது என்னென்ன சொல்லி விற்கிறார்கள்? ஒரு பக்கம் அரபிக் கடல், மறு பக்கம் மகாலட்சுமி பந்தய மைதானம். வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும் தனி லிஃப்ட். மொட்டை மாடியில் நீச்சல் குளம். நான்கைந்து கார் நிறுத்த இடம். சமையலறையை ஒட்டி வேலையாள் அறை. அதற்குத் தனி வாசல். இவற்றோடு கூடவே, வரலாற்றுப் பெருமை மிக்க வட்டாரம் என்றும் ஒரு வரி சேர்ந்துகொள்ளும். விலை பல பத்துக் கோடிகளில் இருக்கும். அந்த வரியில் சொல்லப்படும் வரலாறு யாருடையது என்று பார்ப்போம்.

ஆலைகளின் ஊர்

பரேல், லால்பாக், லோயர் பரேல், வொர்லி, பைகுலா, சிவ்ரி ஆகியவை சேர்ந்த நிலப்பகுதிக்கு மராத்தியில் ‘கிரண்காவ்’ என்று பெயர். கிர்ணி என்றால் ஆலை, காவ் என்றால் ஊர். பம்பாயின் முதல் பஞ்சாலைக்கான நிறுவனம் 1854இல் தொடங்கப்பட்டது. அடுத்த அரை நூற்றாண்டில் இப்பகுதி புகைபோக்கிகளின் காடானது. ரத்னகிரி, சதாரா, கோலாப்பூர் பக்கங்களிலிருந்து நிலமற்றவர்களும் சிறு நிலக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். மகர் மக்களும் வந்தார்கள். அவர்களுக்கு நகரம் என்பது கூலி மட்டுமல்ல. ஊரின் மகர்வாடாவிலிருந்தும், செத்த மாடு தூக்கும் வேலையிலிருந்தும் விடுதலை. கிராமத்தை விட்டு வெளியேறச் சொல்லி அண்ணல் பிற்காலத்தில் வலியுறுத்தியதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

ஆனால் சாதியும் அதே ரயிலில் ஏறி வந்து சேர்ந்தது. ஆலைக்குள் நூற்புப் பிரிவு உண்டு, நெசவுப் பிரிவு உண்டு. நெசவில்தான் கூலி அதிகம். அந்தப் பிரிவில் தீண்டப்படாதவர்களுக்கு இடமில்லை. காரணம் ஒரு சின்ன வேலை. நாடாவில் தார் தீர்ந்து புதுத் தார் போடும்போது, நூலின் நுனியை நாடாவின் கண் வழியாக வெளியே இழுக்க வேண்டும். நெசவாளி நாடாவில் வாயை வைத்து உறிஞ்சுவார். நூல் வெளியே வரும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் அடுத்த ஷிஃப்டில் இன்னொருவர் வாய் வைக்க வேண்டும். மகரின் எச்சில் பட்ட நாடாவைத் தொடமாட்டோம் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். பஞ்சுத் தூசி எல்லோருடைய நுரையீரலிலும் சமமாகத்தான் படிந்தது. நூல் மட்டும் தீட்டுப் பார்த்தது.

1928 பொது வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். சங்கத் தலைவர்கள் தயங்கித்தான் சேர்த்தார்கள். நாங்கள் அந்தத் தடையைப் போடவில்லை என்று முதலாளிகள் கைகழுவ முடிந்தது. அதில் பாதி உண்மையும் இருந்தது என்பதுதான் வேதனை. அடுத்த ஆண்டு வேலைநிறுத்தத்தை அம்பேத்கர் எதிர்த்தார். பின்னர் 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கிய அவரே, 1938 நவம்பர் 7 அன்று தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார். தொழிலாளர் வர்க்கம் அவருக்கு அந்நியமல்ல. அதற்குள் இருந்த சாதியைப் பார்க்க மறுப்பதைத்தான் அவர் ஏற்கவில்லை.

அவர் வாழ்ந்ததும் இந்தப் பரேலில்தான். 1896இல் பிளேக் நோய் பரவிய பிறகு, 1898இல் உருவான பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை பல ‘சால்’களைக் கட்டியது. சால் என்பது நீண்ட பொது நடை, நடையை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், கடைசியில் பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும் கொண்ட கட்டடம். பரேல் பி.ஐ.டி. சாலின் இரண்டாவது மாடியில் 50, 51 என்ற இரண்டு அறைகளில் 1912 முதல் 1934 வரை, வெளிநாட்டுப் படிப்புக் காலம் தவிர, அம்பேத்கரின் குடும்பம் வாழ்ந்தது. மகாட் போராட்டமும் வட்ட மேசை மாநாடும் பூனா ஒப்பந்தமும் இந்த முகவரிக் காலத்தைச் சேர்ந்தவை. வரலாற்றுப் பெருமை என்று விற்பவர்கள் இந்த இரண்டு அறைகளையும் கணக்கில் சேர்க்கிறார்களா?

நிலம் கைமாறிய கதை

1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. விசைத்தறிகளுக்கு உற்பத்தி ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தது. பழைய இயந்திரங்களில் முதலாளிகள் பணம் போடவில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. துணியைவிட ஆலை நின்ற மண்ணுக்கு விலை கூடிவிட்டது என்பது எல்லோருக்கும் புரியச் சில ஆண்டுகள் ஆயின.

1991இல் மும்பையின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58ஆவது விதி வந்தது. ஆலை நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்காவுக்கும் திடலுக்கும். மூன்றில் ஒரு பங்கு மாநில வீட்டு வசதி வாரியமான மகாடாவுக்கு, எளிய மக்களின் வீடுகளுக்கு. மீதியே உரிமையாளருக்கு. மும்பையின் நடுவில் இருந்த ஆலை நிலங்கள் மொத்தம் சுமார் 600 ஏக்கர். இந்தப் பங்கீடு அப்படியே நடந்திருந்தால் நகரத்தின் நெஞ்சுப் பகுதியில் பெரும் திடல்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் இருந்திருக்கும்.

2001இல் அந்த விதியில் ஒரு திருத்தம் வந்தது. பங்கு பிரிக்க வேண்டியது மொத்த நிலத்தை அல்ல. கட்டடம் ஏதுமின்றிக் காலியாகக் கிடக்கும் நிலத்தை மட்டுமே. ஆலை என்பதே பெரும்பாலும் கட்டடம்தான். கொட்டகைகள் நின்ற இடமெல்லாம் கணக்கிலிருந்து கழிந்தது. பொது மக்களின் இரண்டு பங்கும் சுருங்கிப்போயின. பம்பாய் சுற்றுச்சூழல் செயல்பாட்டுக் குழு தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2005இல் மக்கள் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து 2001 திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. இதற்கிடையில், 2005இல் தேசிய ஜவுளிக் கழகம் தன் ஆலை நிலங்களை ஏலம் விட்டது. லோயர் பரேலில் மும்பை டெக்ஸ்டைல் மில் என்ற ஒரே ஆலையின் நிலம் மட்டும் 702 கோடி ரூபாய்க்குப் போனது.

அந்த நிலத்தில் மூன்று தலைமுறை உழைத்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? நீண்ட போராட்டத்துக்குப் பிறகு ஆலை நிலத்தில் மகாடா கட்டிய வீடுகள் 225 சதுர அடி. குலுக்கல் முறையில் அவை கொடுக்கப்பட்டன. விண்ணப்பித்த தொழிலாளர்களும் வாரிசுகளும் ஒரு லட்சத்துக்கு மேல். கிடைத்தவர்கள் அதில் சிறு பகுதி. சிலருக்கு நகரத்துக்கு வெளியே, பன்வேல் அருகில் உள்ள கோன் என்ற இடத்தில் வீடு. விண்ணப்பிக்க ஆலையில் வேலை செய்ததற்கான சான்று வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்குக் காகிதம் இருக்கும். ஆள் வராத நாளில் மட்டும் வேலை கிடைக்கும் ‘பத்லி’யாகவே காலம் தள்ளியவருக்கு என்ன காகிதம் இருக்கும்? ஆலையில் அடிமட்டத்தில் இருந்தவர் யாரோ அவரே பட்டியலிலும் கடைசியில் நிற்கிறார்.

காற்றை விற்பது எப்படி

உச்சி மாடி விலையின் அடுத்த பகுதி மண்ணில் இல்லை, ஆகாயத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எஃப்.எஸ்.ஐ. என்ற ஒரு சொல் போதும். ஒரு மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று அரசு வகுக்கும் அளவு அது. 1991 விதிகளில் மும்பைத் தீவு நகரத்தின் அடிப்படை அளவு 1.33. அதாவது 1,000 சதுர மீட்டர் மனையில் எல்லா மாடிகளையும் கூட்டி 1,330 சதுர மீட்டர் கட்டலாம்.

இந்த அளவில் கோபுரம் எழாது. அதனால் மேல் அளவுகள் வந்தன. பழைய கட்டடத்தை இடித்துக் குடியிருப்பவர்களுக்கு வீடு கொடுத்தால் கூடுதல். பொது வாகன நிறுத்துமிடம் கட்டித் தந்தால் கூடுதல். 2012 முதல், கட்டணம் செலுத்தினால் குடியிருப்புகளுக்கு 35 விழுக்காடு கூடுதல். இவற்றில் சில நல்ல நோக்கத்தோடு வந்தவை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூடுதல் எஃப்.எஸ்.ஐ.யை எந்தக் கொத்தனாரும் கட்டவில்லை, எந்த முதலாளியும் கண்டுபிடிக்கவில்லை. அரசு ஒரு கோப்பில் கையெழுத்துப் போடும்போது அது பிறக்கிறது. பொதுச் சொத்தான ஆகாயத்தின் ஒரு துண்டு தனியார் சொத்தாகிறது. லோயர் பரேலில் ஸ்ரீநிவாஸ் ஆலை நிலத்தில் எழுந்த ‘வேர்ல்ட் ஒன்’ கோபுரத்தை முதலில் 442 மீட்டருக்குத் திட்டமிட்டார்கள். விமானப் போக்குவரத்துத் துறையின் அனுமதிச் சிக்கலால் அது 280 மீட்டரில் நின்றது. எவ்வளவு பணம் இருந்தாலும் ஆகாயத்துக்கு அரசின் அனுமதி வேண்டும். அனுமதி பொது மக்களுடையது என்றால், அதனால் வரும் விலையிலும் பொது மக்களுக்குப் பங்கு கேட்க உரிமை உண்டு.

அந்த உயரத்தில் விற்பது முதன்மையாக இரண்டு: காற்றும் வெளிச்சமும். அதே மும்பையின் கிழக்கு ஓரத்தில், கோவண்டி, மான்கூர்டு பகுதியில், வளர்ச்சித் திட்டங்களுக்காக இடம் பெயர்க்கப்பட்டவர்களின் அடுக்குமாடிகள் இருக்கின்றன. லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் என்று பெயர். சில இடங்களில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஏறக்குறைய 3 மீட்டர்தான் இடைவெளி. கீழ் மாடிகளில் பகலிலும் விளக்கெரிய வேண்டும். அங்கே காசநோய் பரவுவதற்கும் கட்டட அமைப்புக்கும் தொடர்பு இருப்பதை 2018இல் வந்த ஆய்வு எடுத்துக் காட்டியது. காற்று இப்போது சந்தைப் பொருள். மேலே விற்கிறார்கள், கீழே அறுத்துவிடுகிறார்கள்.

தெருவுக்கும் இதே கதிதான். ஆலைகள் போய் அலுவலகக் கோபுரங்கள் வந்தன. லட்சக்கணக்கானோர் வேலைக்கு வந்து போனார்கள். அவர்கள் இறங்கும் ரயில் நிலையங்களின் நடைமேம்பாலங்கள் அப்படியே இருந்தன. 2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய மேம்பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உச்சி மாடிக்குத் தனி லிஃப்ட் போட முடிந்த நகரத்தால் அந்தப் பாலத்தை நேரத்துக்கு அகலப்படுத்த முடியவில்லை.

பக்கத்து வீட்டில் யார்

விலையின் மூன்றாவது பகுதி கண்ணுக்குத் தெரியாதது. பக்கத்தில் யார் இருக்கமாட்டார்கள் என்ற உத்தரவாதம் அது. விளம்பரத்தில் ‘ஒத்த மனத்தோர்’, ‘தேர்ந்தெடுத்த சமூகம்’ என்று வரும். சைவ உணவுக்காரர்களுக்கு மட்டும் என்று வாய்மொழியாக வரும். சாதியைக் கேட்க வேண்டியதில்லை. சட்டியில் என்ன வேகிறது என்று கேட்டால் போதும்.

இதைச் சட்டம் தடுக்காதா என்று கேட்கலாம். அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் குடிமக்களுக்கிடையே சாதி பார்த்துத் தடுப்பதை விலக்குகிறது. அந்தப் பட்டியலில் வீடு இல்லை. 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வழக்கில், உறுப்பினராகும் உரிமையைத் தம் சமூகத்தாருக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் துணைவிதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சின்னஞ்சிறு சமூகம் ஒன்று தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பிய கேள்வி அது. ஆனால் அந்தக் கதவு எல்லா ஆதிக்கச் சாதிகளுக்கும் திறந்த கதவு. பரோடாவில் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட அம்பேத்கர் எழுதித் தந்த சட்டத்தை வைத்துக்கொண்டு, நாம் இன்னும் வீட்டு வாசலில்தான் நிற்கிறோம்.

உள்ளே வேலைக்கு வருபவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. பல நகரங்களின் அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்வோரும் தூய்மைப் பணியாளர்களும் முன் லிஃப்டில் ஏறக்கூடாது என்று பலகை மாட்டியிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவர் சமைத்த சோற்றைச் சாப்பிடலாம். அவர் விரல் பட்ட லிஃப்ட் பொத்தானை அழுத்த முடியாது. நாடாவின் கண்ணில் பார்த்த தீட்டு, நூறு ஆண்டில் லிஃப்ட் பொத்தானுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கிராமத்தில் சேரி ஊருக்குக் கிழக்கே இருக்கும். இங்கே ஊர் மேலே இருக்கிறது, சேரி பின் வாசலில் இருக்கிறது.

மேலிருந்து விழுந்த கல்

வொர்லியில் கோபுரங்களின் நிழலில் பி.டி.டி. சால்கள் இருக்கின்றன. பம்பாய் வளர்ச்சித் துறை 1920களில் கட்டியவை. ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடி அறை. இங்கே கணிசமான பௌத்தர்கள் வாழ்ந்தார்கள். 1972இல் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா தாலேயும் தோழர்களும் தொடங்கிய தலித் பேந்தர்ஸ் இயக்கத்துக்கு வொர்லியின் சால்கள் வலுவான தளமாயின. 1974 ஜனவரி 5 அன்று வொர்லியில் பேந்தர்ஸ் பொதுக்கூட்டம் தாக்கப்பட்டுக் கலவரம் மூண்டது. ஜனவரி 10 அன்று பரேல் வழியாகச் சென்ற கண்டன ஊர்வலத்தில், மாடி ஒன்றின் மேலிருந்து போடப்பட்ட அம்மிக்கல் தலையில் விழுந்து பகவத் ஜாதவ் என்ற இளம் தோழர் இறந்தார். மேலே இருப்பவர் யார், கீழே நடப்பவர் யார் என்ற கேள்விக்குப் பரேலில் இப்படியும் ஒரு வரலாறு உண்டு. 1982இல் மதுரையில் மலைச்சாமி பேந்தர் இயக்கத்தைத் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, அந்த வொர்லியின் தீப்பொறிதான் இங்கே வந்தது. நம் அமைப்புகளின் பெயரிலேயே அந்தத் தெருக்கள் இருக்கின்றன.

அந்த பி.டி.டி. சால்களும் இப்போது இடிபடுகின்றன. ஆனால் இதை வெறும் வெளியேற்றம் என்று சொல்லிவிட முடியாது. மகாடா எடுத்து நடத்தும் இந்தத் திட்டத்தில், 160 சதுர அடியில் இருந்த குடும்பத்துக்கு அதே இடத்தில் 500 சதுர அடி வீடு உரிமையாகக் கிடைக்கிறது. 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் 556 குடும்பங்கள் சாவி பெற்றன. பொதுக் கழிப்பறை வரிசையில் தலைமுறைகளாக நின்ற பெண்களுக்கு இது பெரிய மாற்றம். அதைக் குறைத்துப் பேசும் உரிமை நமக்கில்லை. அதே நேரத்தில் இந்த வீடுகளுக்கான செலவு எங்கிருந்து வருகிறது? மீதி நிலத்தில் விற்பனைக் கோபுரங்கள் கட்டி, அந்த வருமானத்திலிருந்து. பக்கத்தில் பணக்காரன் வீடு விற்றால்தான் ஏழைக்கு வீடு என்ற கணக்கு இது. உயர்ந்த கட்டடத்தின் லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மாதாமாதம் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை, கூலிக் குடும்பங்களை நாளடைவில் விற்றுவிட்டுப் போக வைக்குமா என்பதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாம் உயரத்துக்கு எதிரிகளா

இந்த இடத்தில் நம் பிள்ளைகளில் ஒருவர் எழுந்து கேட்பார். ஒரு தலித் சம்பாதித்து உச்சி மாடி வாங்கினால் என்ன தவறு? எதுவுமில்லை. குடிசைதான் நமக்கு அழகு என்று சொல்பவர் யாராக இருந்தாலும் அவரை நம்பக் கூடாது. பரேலின் இரண்டு அறைகளிலிருந்து கிளம்பிய அம்பேத்கர் தாதரின் இந்து காலனியில் ‘ராஜகிருகம்’ என்று பெயர் வைத்து வீடு கட்டினார். தன் நூல்களுக்கு இடம் வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் திட்டமிட்டார். நல்ல வீடு, தனி அறை, படிக்க வெளிச்சம் ஆகியவற்றின் அருமை இல்லாதவர்களுக்குத்தான் தெரியும்.

நாம் கேட்பது வேறு. ஒருவர் மேலே போவதால் தெரு மாறிவிடாது. அந்த மேல் வீட்டின் விலையில் ஆலைத் தொழிலாளியின் மூன்றில் ஒரு பங்கு அடங்கியிருக்கிறது, பூங்காவாக வேண்டியிருந்த மூன்றில் ஒரு பங்கு அடங்கியிருக்கிறது, அரசு கையெழுத்திட்டுக் கொடுத்த ஆகாயம் அடங்கியிருக்கிறது, நம்மை விலக்கிவைக்கும் உத்தரவாதமும் அடங்கியிருக்கிறது. இவற்றை விலையிலிருந்து பிரித்து எடுத்துக் கேட்பதே நகர உரிமை. அது சலுகை அல்ல, கணக்குக் கேட்பது.

கணக்குக் கேட்டு வென்ற கதையும் அதே மும்பையில் இருக்கிறது. தாதரில் அண்ணலின் உடல் எரியூட்டப்பட்ட சைத்ய பூமிக்கு அருகில் இந்து மில் என்ற ஆலையின் நிலம் கடலைப் பார்த்தபடி இருந்தது. தனியாரிடம் போயிருந்தால் மேற்கே கடல் தெரியும் உச்சி மாடிகளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் இதே டிசம்பர் 6 அன்று லட்சக்கணக்கான மக்கள் ரயிலேறி வந்து, நடைபாதையில் படுத்து, வரிசையில் நின்று வணங்கிச் செல்லும் இடம் அது. 2011 டிசம்பர் 6 அன்று போராட்டக்காரர்கள் ஆலைக்குள் நுழைந்து அமர்ந்தார்கள். நினைவிடத்துக்கு நிலம் கேட்டார்கள். 2012 டிசம்பரில் மத்திய அரசு 12.5 ஏக்கர் நிலத்தைத் தருவதாக அறிவித்தது. 2015 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது. சிலை எவ்வளவு உயரம் என்பதைப் பற்றி ஊடகங்கள் நிறையப் பேசின. நமக்கு முக்கியம் அதன் அடியில் இருக்கும் நிலம். ஆலை நிலத்தில் பெரும் துண்டொன்று, சந்தைக்குப் போகாமல் மக்களிடம் வந்தது. கேட்டதால் வந்தது.

நம் பெரம்பூரை நினைத்துப் பாருங்கள். பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளின் 1921 வேலைநிறுத்தத்தில் புளியந்தோப்பின் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. எம்.சி. ராஜா அந்த மக்களுக்காகக் குரல் கொடுத்தார். 1996இல் ஆலை மூடப்பட்டது. இன்று அந்த நிலத்திலும் அடுக்குமாடிகள் எழுந்து விற்பனையாகின்றன. அதே கூவத்துக் கரையிலிருந்தும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்தும் நம் மக்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். மும்பையில் 58ஆவது விதி என்று ஒன்றாவது இருந்தது. அதை வைத்து நீதிமன்றம் வரை போக முடிந்தது. ஆலை மூடினால் அந்த நிலத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று நம் ஊரில் நாம் எப்போது கேட்டோம்?

இந்த அரங்கிலிருந்து வெளியே போகும்போது நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை ஒரு பத்திரிகையின் முழுப் பக்கத்தில் கடல் தெரியும் உச்சி மாடியின் விளம்பரத்தைப் பார்த்தால் புரட்டிவிட்டுப் போகாதீர்கள். அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது, அங்கே யார் வேலை பார்த்தார்கள், எந்த விதியின் கீழ் கைமாறியது, அங்கிருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். பாகுல் ஓர் அறையின் கதையை எழுதினார். நம் தலைமுறை எழுத வேண்டியது நிலத்தின் கணக்கை.

ஜெய்பீம்.